அழகுக்கு வைக்கிற பொட்டு

மொன்றியல்
06.04.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கச்சி தயா எழுதுகிறேன். நானும் இவரும் சுகம். அம்மாவின் முழங்கால், அண்ணியின் பிறசர், மருமகள் ஜதுசாவின் படிப்பு, இதற்கெல்லாம் தனித்தனியாகப் பதில் வரவேண்டும். "எல்லாரும் சுகம்" என்று ஒரே வரியில் முடித்து என்னை ஏமாற்றவேண்டாம். வீடியோவில் அம்மாவோடு கதைக்கும்போது நீங்கள் பின்னால் நின்று ஒன்றும் கேளாமலே தலையாட்டுவது தெரிகிறது. இழுவைப் படகின் எஞ்சின் அறை உங்கள் காதைத் தின்றதால்தான் நான் இன்னும் பேனை பிடிக்கிறேன்.

பனியில் விழுந்து முறிந்த வலக்கை சுகப்பட்டுவிட்டது. கட்டுப் போட்டிருந்த நாளெல்லாம் இடக்கையால் பொட்டைக் கோணலாக ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போவேன். அங்கே நிப்லா அதை உரித்து, நேராக்கி ஒட்டிவிடுவா. நிப்லா கிண்ணியாப் பிள்ளை, முக்காடு போடுகிறவ. என்னோடு பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் பிள்ளைகளைப் பார்க்கிறா. என்னுடைய பிரெஞ்சு உங்களுக்குத் தெரியும்தானே. யாராவது வேகமாகக் கதைத்தால் அவதான் எனக்கு வாய்.

இங்கே இப்போது ரிவியைப் போட்டால் ஒரே கதை. பள்ளிக்கூடத்தில் தலையை மூடிக்கொண்டு படிப்பிக்கக் கூடாது என்று முன்னமே சட்டம் இருக்கிறது. இனி அங்கே வேலை செய்கிற எல்லாருக்கும் அது வரப்போகிறதாம். பள்ளிக்கூடம் எல்லாருக்கும் பொது, சமயத்தை வாசலில் கழற்றிவைத்துவிட்டு வரவேண்டும் என்று படித்த ஆட்களே இருந்து கதைக்கிறார்கள். கேட்க எனக்கு வயிறு எரிகிறது. பிள்ளைக்குச் சூப் ஊத்திக் கொடுக்கிற மனுசியின் தலைத்துணி யாருக்கு என்ன செய்தது?

ஒரு நல்ல செய்தி. நிப்லாவின் தங்கச்சி ஜெஸீமா கணித ரீச்சர். அவவுக்கு ஜதுசாவின் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கிடைத்திருக்கிறது. நீங்கள் பெற்றார் சங்கச் செயலாளர் என்று நிப்லாவிடம் பெருமையடித்துவிட்டேன். அந்தப் பிள்ளையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
தயா


உட்துறைமுக வீதி, திருகோணமலை
04.05.2025

அன்புத் தங்கச்சிக்கு,

பத்திரகாளி அம்மாள் புண்ணியத்தில் இங்கே ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சுகம். அம்மாவின் முழங்கால் மழைக்கு முதல் நாளே சத்தம் போடுகிறது. அண்ணியின் பிறசர் என்னைக் கண்டால் ஏறும், காணாவிட்டால் இறங்கும். ஜதுசாவுக்கு வருகிற மாசியில் சாதாரண தரப் பரீட்சை. ஒரு வருடமாக அவளின் வகுப்புக்குக் கணித ரீச்சர் இல்லை.

உன் கடிதம் வாசித்து எனக்கு ரத்தம் கொதித்தது. சனநாயகம் என்று எங்களுக்குப் படிப்பிக்க வருகிற வெள்ளைக்காரன், ஒரு பெண்பிள்ளையின் தலைத்துணியைக் கண்டு நடுங்குகிறான் என்றால் அது என்ன நாடு? சிறுபான்மையாக இருக்கிற வலி எங்களுக்குத் தெரியாதா? பயப்படவேண்டாம், றமேஸ் அண்ணா சொன்னவர் என்று உன் சிநேகிதியிடம் சொல்லு.

அந்த ரீச்சர் வரட்டும், பார்ப்போம்.

அன்புடன்,
அண்ணா


மொன்றியல்
15.06.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். வெயில் வந்துவிட்டது, இவர் பல்கனியில் மிளகாய்க் கன்று வைத்திருக்கிறார்.

ஜெஸீமா ரீச்சரைக் கண்டீர்களா? நீங்கள் சொன்னதை நிப்லாவிடம் அப்படியே சொன்னேன். சிரித்தா. அவவுக்குப் பதவி உயர்வு. புரட்டாசியிலிருந்து வேறு பள்ளிக்கூடத்தில், வகுப்பு முடிந்த பிறகு பிள்ளைகளைப் பார்க்கிற பொறுப்பு. என்னையும் இழுத்துக்கொண்டு போகிறா. அங்கே எனக்குச் சமையலறையில் நிரந்தர வேலை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வட்டிலப்பம் கொண்டுவந்து தந்தா. கொஞ்சம் வாட்டமாக இருந்தா. "உங்கட அண்ணாட பேர் றமேஸ்தானே? உட்துறைமுக வீதிதானே?" என்று கேட்டா. ஓம் என்றேன். தங்கச்சிக்குச் சொல்லத்தான் கேட்கிறா போல.

அன்புடன்,
தயா


திருகோணமலை
20.07.2025

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். இங்கே காற்று அடித்துக் கொளுத்துகிறது. நிலாவெளிப் பக்கம் கரைவலையில் நெத்தலி குவிந்து, இரண்டு நாளாக வீட்டில் வேறு கறி இல்லை. அம்மா உன்னை நினைத்து ஒரு கண்ணீர், பிறகு இன்னொரு பிடி சோறு.

பள்ளிக்கூட அலுவலில் எனக்குத் தலை நிமிர நேரமில்லை. எங்கள் கலாசாரத்தைக் காப்பாற்றுகிற ஒரு விசயம், விபரமாகப் பிறகு எழுதுகிறேன். கணித ரீச்சர் பிரச்சினை இன்னும் தீரவில்லை.

உன் முதல் கடிதம் நல்ல கடிதம். அந்த நாட்டுச் சட்டதிட்டத்தை அது மாதிரி இன்னும் விபரமாக எழுது. இங்கே கேட்க ஆட்கள் ஆவலாக இருக்கிறார்கள்.

அன்புடன்,
அண்ணா


மொன்றியல்
23.11.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகமா? பதில் போடப் பிந்திவிட்டது. இடையில் தபால்காரர் வேலைநிறுத்தம். அதற்கும் மேலே, எழுத மனம் வரவில்லை.

சட்டம் நிறைவேறிவிட்டது. ஏற்கெனவே இருந்த இடத்தில் இருக்கிற ஆட்களுக்கு விலக்கு உண்டாம். புது இடத்துக்கு மாறின எங்களுக்கு இல்லை என்று பள்ளிக்கூட அதிபர் அம்மா சொன்னா. பதவி உயர்வென்று சந்தோசப்பட்டதே நிப்லாவுக்கு வினையாகிவிட்டது. எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாகக் கூப்பிட்டுக் கதைத்தா. என் பொட்டைப் பற்றியும் கேட்டா. ஏதோ சொன்னேன். எனக்குப் பிரச்சினை இல்லை.

நிப்லா முக்காட்டைக் கழற்றமாட்டேன் என்றுவிட்டா. அடுத்த கிழமையே வேலை போய்விட்டது. இப்போது நகரத்துக்கு வெளியே ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறா. பிள்ளைகள் அவவைக் கேட்டு அழுகிறார்கள்.

ஜெஸீமாவைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. இரண்டாவது தடவையாகக் கேட்கிறேன்.

தயா


மொன்றியல்
14.12.2025

அண்ணா,

வெள்ளத்தில் எல்லாரும் தப்பிவிட்டீர்கள் என்று அம்மா சொன்னா. அது போதும்.

நேற்று நிப்லாவைப் பார்க்கப் போனேன். கிண்ணியாவில் அவ வீட்டுக்குள்ளும் இடுப்பளவு தண்ணீராம். தங்கச்சி அனுப்பின படங்களை எனக்குப் போனில் தள்ளித் தள்ளிக் காட்டினா. இடையில் ஒரு பழைய வீடியோ வந்துவிட்டது. சட்டென்று மூடப் பார்த்தா. நான் விடவில்லை.

பள்ளிக்கூட வாசல். பெற்றார் கூட்டம். நடுவில் நீங்கள். கையில் பிடித்திருந்த மட்டையில், "சேலை எங்கள் கலாசாரம். அபாயா வேண்டாம்." உங்களுக்குப் பக்கத்தால் ஒரு பிள்ளை கணுக்கால் வரை மூடின கறுப்பு அபாயாவோடு, புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, குனிந்தபடி வெளியே போகிறா. அதுதான் ஜெஸீமா. நான் பார்த்துக்கொள்ளச் சொன்ன பிள்ளை.

நிப்லாவுக்கு ஜூன் மாதமே தெரியும். வட்டிலப்பம் தந்த அன்றைக்கே தெரியும்.

வெள்ளைக்காரன் நடுங்குகிறான் என்று எழுதின கைதானா அண்ணா அந்த மட்டையைப் பிடித்தது?

தயா


திருகோணமலை
11.01.2026

தங்கச்சிக்கு,

தைப்பொங்கல் வருகிறது. உனக்கும் மாப்பிள்ளைக்கும் வாழ்த்து. சுகம் விசாரிக்காமல் நீ எழுதின முதல் கடிதம் இது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை.

அது வேறை, இது வேறை. அங்கே சட்டம் போட்டு ஆட்களை விரட்டுகிறார்கள். இங்கே நாங்கள் ஒருத்தரின் சமயத்திலும் கை வைக்கவில்லை. எல்லா ரீச்சர்மாரும் சேலை உடுக்கிற பள்ளிக்கூடம், நீங்களும் சேலை உடுத்துக்கொண்டு வாருங்கோ என்றுதான் கேட்டோம். அவ ஏலாது என்றா. அந்தச் சண்டைக் காலத்தில் நாங்கள் காணி, வீடு, ஆட்கள் எல்லாம் இழந்த சனம். எங்களுக்கென்று மிஞ்சினது அந்தப் பள்ளிக்கூடம் ஒன்று. அதையும் விட்டுக் கொடுத்தால் நாளைக்கு என்ன மிஞ்சும்? நீ தூரத்தில் இருந்துகொண்டு கதைக்கலாம்.

அதோடு, நீ கோபப்பட ஒன்றும் இல்லை. கூட்டத்தில் முதலில் பாதிப் பேர் தயங்கினவர்கள். கணித ரீச்சர் கிடைத்ததே பெரிது, உடுப்பில் என்ன இருக்கிறது என்றுகூட ஒரு தாய் கேட்டவ. அப்போது நான் எழும்பி உன் கடிதத்தைத்தான் வாசித்துக் காட்டினேன். கனடாவிலேயே பள்ளிக்கூடத்தில் தலையை மூட விடுவதில்லை, படித்த ஆட்களே அப்படிச் சொல்கிறார்கள், என் சொந்தத் தங்கச்சி அங்கிருந்து எழுதுகிறாள் என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு ஒருத்தரும் தயங்கவில்லை. மேலிடத்துக்குப் போன எதிர்ப்புக் கடிதத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

உன் பெயருக்கு ஒரு குறையும் வராமல்தான் சொன்னேன்.

அண்ணா


மொன்றியல்
01.02.2026

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மாவின் முழங்கால் எப்படி? அண்ணி மருந்து ஒழுங்காக எடுக்கிறாவா? இவை கோபத்தில் விடுபட்டவை.

உங்கள் கடிதத்தை வாசித்தேன். "வயிறு எரிகிறது" என்று நான் எழுதின வரியை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை வாசித்திருக்கிறீர்கள். அந்தப் பிள்ளையை வெளியே தள்ளினது என் எழுத்து. உங்களைத் திட்டிப் பெரிய கடிதம் ஒன்று எழுதினேன். எழுதி முடித்துக் கண்ணாடியைப் பார்த்தேன், நெற்றியில் பொட்டு. கடிதத்தைக் கிழித்துப்போட்டேன். ஊருக்கு உபதேசம் செய்ய எனக்கு வாயில்லை.

கார்த்திகையில் "ஏதோ சொன்னேன்" என்று எழுதினேனே, அது என்னவென்று இப்போது சொல்கிறேன்.

தாலியைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டுதான் போனேன். அதிபர் அம்மா என் நெற்றியைக் காட்டி என்னவோ கேட்டா. எனக்கு விளங்கவில்லை. நிப்லாதான் திருப்பிச் சொன்னா.

"தயாக்கா, இது உங்கட சமயத்துக்குரியதா எண்டு கேக்குறா. ஓம் எண்டா எடுக்கவேணுமாம். என்ன சொல்லட்டும்?"

அண்ணா, அம்மா ஒவ்வொரு விடியலும் சாமிப்படத்துக்கு முன்னால் நின்று எனக்கு வைத்துவிட்ட பொட்டு. திருநீறு, சந்தனம், அதற்குப் பிறகு குங்குமம். கலியாண வீட்டில் இவர் என் நெற்றியில் வைத்தது. எனக்குத் தெரியாதா அது என்னவென்று?

"சமயமில்லை, சும்மா அழகுக்கு வைக்கிறது, எங்கட கலாசாரம் எண்டு சொல்லுங்கோ நிப்லா," என்றேன்.

நிப்லா ஒரு கணம் என் நெற்றியைப் பார்த்தா. கை முறிந்த நாளெல்லாம் அவ நேராக்கி ஒட்டின பொட்டு. பிறகு திரும்பி, நான் சொன்னதைவிட நீளமாக, சிரித்த முகத்தோடு அதிபருக்கு விளங்கப்படுத்தினா. அதிபரும் சிரித்து என் பெயருக்கு நேரே ஏதோ அடையாளம் போட்டா.

பிறகு அவவின் முறை. இதுவும் உங்கள் ஊர் வழக்கம்தானே, அப்படியென்றால் கழற்றிவைப்பதில் என்ன கஷ்டம் என்று அதிபர் கேட்டிருக்கிறா. இல்லை, இது என்னுடைய மார்க்கம் என்று நிப்லா சொன்னா. அதை அவ தமிழிலும் எனக்குச் சொன்னா. நான் கதிரையில் இருந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். எனக்காக ஒரு பொய்யை மொழிபெயர்த்த வாயால் தனக்காக ஒரு பொய்யும் சொல்லவில்லை.

அவவுக்காக ஒரு வார்த்தை நான் கதைக்கவில்லை. எனக்குப் பிரெஞ்சு வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீங்கள் கலாசாரம் என்று மட்டையில் எழுதினீர்கள். நானும் அந்தச் சொல்லுக்குப் பின்னால்தான் ஒளிந்தேன். வெட்கமாக இருக்கிறது அண்ணா. நிப்லாவின் முகத்தைப் பார்க்க ஏலாமல் இருக்கிறது.

ஜெஸீமாவைத் திரும்ப எடுக்க வழி இருக்கிறதா? அதை மட்டும் எழுதுங்கள்.

தயா


திருகோணமலை
08.03.2026

அன்புத் தங்கச்சிக்கு,

அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. அண்ணி மருந்து எடுக்கிறா. ஜதுசா பரீட்சை எழுதி முடித்துவிட்டாள், கணிதத்தில் ஒரு கேள்வியும் விடவில்லையாம். அது எப்படி என்று இனிச் சொல்கிறேன், பொறுமையாக வாசி.

தை மாதம் ஒரு சனிக்கிழமை அண்ணி, "பிள்ளையை ரியூசனுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ," என்று பைக்கில் ஏற்றிவிட்டா. எங்கே என்று கேட்டேன், சொன்னது எனக்குக் கேட்கவில்லை. ஜதுசா பின்னாலிருந்து தோளில் தட்டித் தட்டி வழி காட்டினாள். கிண்ணியாப் பாலம் தாண்டின பிறகுதான் எனக்கு ஓடி வெளித்தது. ஜெஸீமா ரீச்சர் வீடு. எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் ஏற்கெனவே பாயில் இருக்கிறார்கள். தாய்மார் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. செயலாளருக்கு மட்டும் தெரியாது.

ரீச்சரை இப்போது ஈச்சிலம்பற்றுக்குப் போட்டிருக்கிறார்கள். விடியப் புறப்பட்டு இரண்டு பஸ் மாறிப் போகிறா. அதுவும் எங்கள் ஆட்களின் ஊர்தான். அங்கே ஒருத்தரும் உடுப்பைக் கேட்கவில்லையாம். கணக்குத்தான் கேட்டார்களாம்.

நான் படலைக்கு வெளியே பைக்கோடு நின்றேன். அவவின் தகப்பன் ஸெய்னுதீன் காக்கா கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். வெள்ளம் ஏறி நின்ற அடையாளம் அந்தக் கதிரையில் இன்னும் இருந்தது. "வெயிலுக்க நிக்காதீங்க தம்பி, உள்ளுக்கு வந்து இரிங்க," என்றார். அவருக்கு என்னைத் தெரியும். அந்த வீடியோ பார்க்காத வீடு கிண்ணியாவில் இருக்காது. என் காது மந்தம் என்பதும் தெரிந்திருக்கிறது, குனிந்து காதோடு சொன்னார்.

"உங்கட தங்கச்சி அங்க எங்கட புள்ளைக்காக அதிபரோட வாதாடினாவாம். மகள் சொன்னா. அவக்கி நாங்க தொழுகையில துஆச் செய்யிற."

இஞ்சித் தேத்தண்ணி தந்தார். குடித்தேன். அந்த நேரம் உன்னை நினைக்கப் பெருமையாக இருந்தது. நான் செய்ததை நீ சரிக்கட்டிவிட்டாய் என்று ஒரு ஆறுதல். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து உன் கடிதம் வந்தது. உன் மானத்தைக் காக்க அந்தப் பிள்ளை நிப்லா தகப்பனுக்கே பொய் சொல்லியிருக்கிறாள் என்று அப்போதுதான் விளங்கியது.

நீ கேட்டதற்குப் பதில்: வழி இருக்கிறது. சங்கம் எதிர்ப்பைத் திரும்ப எடுத்தால் ரீச்சரை இங்கேயே போடுவோம் என்று மேலிடத்தில் சொல்கிறார்கள். போன கிழமை கூட்டத்தில் அதைக் கதைக்கத்தான் போனேன். எழும்ப முதல் தலைவர் சொன்னார், "புதுசா வந்த பெற்றாரும் இருக்கினம். றமேஸ், உங்கட தங்கச்சியின்ர கடிதத்தைப் பற்றி ஒருக்காச் சொல்லுங்கோ." எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் காதில் கையை வைத்து, கேட்கவில்லை என்று தலையை ஆட்டினேன். இரண்டாம் தரமும் சத்தமாகக் கேட்டார். இரண்டாம் தரமும் ஆட்டினேன். செவிடனை விடுங்கோ என்று வேறு கதைக்குப் போய்விட்டார்கள்.

தங்கச்சி, எனக்கு வடிவாகக் கேட்டது.

அண்ணா


மொன்றியல்
29.03.2026

அன்புள்ள அண்ணாவுக்கும், அவரோடு கூடியிருக்கிற பெற்றாருக்கும்,

எல்லாரும் சுகமாக இருக்கவேண்டும் என்று கோணேசரை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். அண்ணா, முதல் கடிதத்தை வாசித்த மாதிரி இதையும் எழும்பி நின்று வாசியுங்கள். ஒரு வரியும் விடவேண்டாம். வாசிக்கிறதற்குக் காது தேவையில்லை.

நான் செயலாளரின் தங்கச்சி தயா. என் பெயரைச் சொல்லித்தான் ஜெஸீமா ரீச்சரை அனுப்பினீர்கள். நான் எழுதினது அந்தச் சட்டம் அநியாயம் என்று. அந்த வரி உங்களுக்கு வாசிக்கப்படவில்லை.

அந்தச் சட்டம் என்னிடமும் வந்தது. என் பொட்டைக் காட்டி, இது சமயமா என்று கேட்டார்கள். வேலை போய்விடும் என்ற பயத்தில், அழகுக்கு வைக்கிறது என்று சொல்லிவிட்டேன். அதை எனக்காக மொழிபெயர்த்தது ரீச்சரின் அக்கா. உண்மை சொன்ன அவவுக்கு வேலை போனது. பொய் சொன்ன எனக்கு வேலை இருக்கிறது. என்னுடைய பொட்டும் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் அதை வைத்துக்கொண்டுதான் போகிறேன், இப்போது ஒருத்தரும் ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் வைக்கிற நேரம் கண்ணாடியைப் பார்க்க மனம் கூசுகிறது.

ஒரு பிள்ளையிடம், நீ கும்பிடுகிறதை வாசலில் விட்டுவிட்டு வா என்று கேட்டால் அது எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போது தெரியும். உங்களுக்கும் தெரியவேண்டும் என்று எழுதுகிறேன். உங்கள் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் எங்கே இருந்து கணக்குப் படித்தார்கள் என்று தாய்மாரிடம் கேளுங்கள்.

ஸெய்னுதீன் ஐயாவிடம் யாராவது சொல்லவேண்டும், நான் வாதாடவில்லை என்று. அவரின் துஆ எனக்குச் சேராது.

அதிபர் அம்மாவிடம் சொல்ல ஒரு வசனம் பிரெஞ்சில் பாடமாக்கி வைத்திருக்கிறேன். இது என் சமயம், போன தடவை பொய் சொன்னேன் என்று. இன்னும் சொல்லவில்லை.

தயா


திருகோணமலை
26.04.2026

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கு அம்மா நேர்த்தி வைத்திருக்கிறா.

கடிதம் வந்தது. நேற்றுக் கூட்டம். வாசித்தனான். ஒரு வரியும் விடவில்லை. நடுவில் ஒரு இடத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டேன்.

ஒருத்தரும் கைதட்டவில்லை. தலைவர் எழும்பிப் போய்விட்டார். மூன்று நாலு ஆண்கள் அவருக்குப் பின்னால் போனார்கள். பின் வாங்கில் இருந்த தாய்மார் போகவில்லை. எதிர்ப்பைத் திரும்ப எடுக்கிற கடிதத்தில் முதல் கையெழுத்து என்னுடையது, பிறகு அவர்களுடையது. அது போதுமா என்று தெரியாது. செயலாளர் பதவி இனி எனக்கு இருக்காது.

இன்று காலை கிண்ணியாவுக்குப் போனேன். ஸெய்னுதீன் காக்காவிடம் உன் விசயத்தையும் சொன்னேன், என் விசயத்தையும் சொன்னேன். அவர் என்னவோ சொன்னார். இந்த முறை காதோடு சொல்லவில்லை, நிலத்தைப் பார்த்துச் சொன்னார். எனக்கு உண்மையாகவே கேட்கவில்லை. திருப்பிச் சொல்லுங்கோ என்று கேட்க எனக்கு முகமும் இல்லை.

அந்த வசனத்தை நீ அங்கே சொல்லிவிட்டாயா? அதை மட்டும் எழுது.

அண்ணா